நல்ல காலுக்கு ஒத்தடம்

அடைப்பு என்ற சொல்லை டாக்டரம்மா சொல்லாமல் இருந்திருக்கலாம். குழந்தையின் காலுக்கு ரத்தம் போகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால், அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஆனால் டாக்டரம்மா நல்லவர். எதையும் ஆளுக்குத் தகுந்தாற்போல் விளங்கச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"பிளம்பருங்க."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். உங்க வேலைதான் இது. குழாய்ல அடைப்பு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றதும் குழாய்க்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடைப்பைக் கண்டு அவர் என்றைக்குப் பயந்தார்? ஊரில் பாதி வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தவர். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்துக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போகிறவர். அடைப்புதானே, எடுத்துவிடலாம் என்று அவருடைய கைகள் அப்போதே தயாராகிவிட்டன. அந்தக் கைகளுக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவருடைய மகள் அவசரக்காரி. அம்மா வயிற்றில் இன்னும் கொஞ்ச நாள் சொகுசாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வெளியே வந்தபோது அப்பாவின் ஒரு கையில் அடங்கும் அளவுதான் இருந்தாள். மூச்சுக்கே திணறினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தொப்புள் வழியாக ஒரு மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டார்கள். அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் இத்தனூண்டு உடம்பில் ஊசி குத்த முடியுமா? அந்தக் குழாய் இல்லையென்றால் குழந்தையே இல்லை என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். எத்தனையோ குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். எங்கோ ஒரு குழந்தைக்கு அதன் நுனியில் ரத்தம் உறைந்து, உறைந்தது நழுவி, கீழே போய்க் காலில் அடைத்துக்கொள்கிறது. இது யாருடைய தப்பும் இல்லை. அந்த ஒரு குழந்தை இவருடையதாக இருந்தது.

முதலில் இடது கால் விரல்கள் வெளுத்தன. அங்கிருந்த நர்சுகளில் மூத்தவரான பெரிய சிஸ்டர்தான் பார்த்தார். அந்த அறையில் குழந்தைகளுக்கு எத்தனை துணி சுற்றினாலும் பாதங்களை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். கால் நிறம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். குழாய்க்காரரின் அக்கா ஆசையாக வாங்கி வந்த கையகலக் காலுறையைக்கூடப் பெரிய சிஸ்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்காவுக்குக் கோபம். "புள்ளைக்குக் குளிராதா? என்ன ஆஸ்பத்திரியோ" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்தக் காலுறையைப் போட்டிருந்தால் விரல் வெளுத்தது யாருக்கும் தெரிந்திருக்காது. தொப்புள் குழாயை உடனே எடுத்தார்கள். ஆனாலும் வெளுப்பு நீலமாகி, நீலம் கணுக்காலை நோக்கி ஏற ஆரம்பித்தது. உறைந்த ரத்தத்தைக் கரைக்க மருந்து ஏறியது. ரத்தக்குழாயை விரிக்க ஒரு களிம்பு தடவினார்கள். அறுவை மருத்துவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கணுக்கால் தாண்டுச்சுன்னா சொல்லுங்க" என்றார். தாண்டினால் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை.

அதே அறை வாசலில் கை கழுவும் தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே போகிறவர்கள் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். அதன் குழாய் எப்படித் திருகினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. இவர் சும்மா இருப்பாரா? யாரிடமும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து மாட்டினார். சொட்டு நின்றுவிட்டது. "எத்தனை தடவை எழுதிக் குடுத்தோம்! நீங்க வந்தீங்க, சரியாயிடுச்சு" என்று பெரிய சிஸ்டர் வாயாரப் புகழ்ந்தார். அவ்வளவு நாளும் அந்த அறையில் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றவருக்கு, அந்தப் புகழ்ச்சி கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. கேட்காமல் செய்தாலும் இங்கே நல்ல பெயர்தான் கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் பெரிய சிஸ்டர் ஒத்தடம் கொடுக்க வந்தார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தார். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பெட்டியின் பக்கவாட்டுத் துவாரம் வழியாகக் கையை விட்டு, துணியைக் குழந்தையின் வலது காலில் சுற்றினார்.

வலது கால் நல்ல கால். ரோஜா நிறத்தில் உதைத்துக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், அந்தக் கால்..." என்று ஆரம்பித்தார் குழாய்க்காரர்.

"இடது கால் பக்கமே போகாதீங்க. தொடக்கூடாது" என்றார் சிஸ்டர். அதற்குள் அடுத்த பெட்டியின் கருவி கத்த ஆரம்பித்தது. அந்தக் குழந்தை மூச்சை நிறுத்திவிட்டது. சிஸ்டர் ஓடினார்.

தொடக்கூடாது என்பது காதில் விழுந்தது. ஏன் என்பதைச் சொல்ல சிஸ்டருக்கு நேரமில்லை. குழாய்க்காரர் வலது காலையும் இடது காலையும் மாறி மாறிப் பார்த்தார். அடைப்பு ஒரு பக்கம், வெந்நீர் இன்னொரு பக்கம். பாவம், காலையிலிருந்து நின்றபடி ஓடிக்கொண்டிருக்கிற அம்மா. கால் மாறிவிட்டது. யாருக்குத்தான் மாறாது? அவரே ஒரு தடவை பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவரை உடைத்துவிட்டு, அந்த வீட்டம்மா கதவைத் திறந்து கத்திய பிறகுதான் வீடு தவறிவிட்டதை உணர்ந்தார். சத்தம் போட்டுச் சொன்னால் சிஸ்டருக்கு டாக்டரிடம் திட்டு விழும். நாமே ஓசைப்படாமல் மாற்றிவிட்டால் யாருக்கும் வம்பில்லை. பெருந்தன்மை வேறு!

துணி அதற்குள் ஆறியிருந்தது. மேசைமேல் பிளாஸ்க் இருந்தது. துணியை மறுபடி நனைத்து, சிஸ்டர் செய்தது போலவே பிழிந்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இதமாகத்தான் இருந்தது. துவாரத்தில் கையை விட்டு இடது பாதத்தில் பக்குவமாகச் சுற்றினார். மகளை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. சுற்றி முடித்ததும், பிறந்ததிலிருந்து அவளுக்காக ஏதோ ஒன்று செய்துவிட்டோம் என்று மனம் நிறைந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்த பெட்டிக் குழந்தைக்கு மூச்சு சீராக வெகுநேரம் ஆனது. பிறகுதான் பெரிய சிஸ்டர் திரும்பி வந்தார். பெட்டியைப் பார்த்தார். அவருடைய கை துவாரத்துக்குள் பாய்ந்தது. துணியை எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டார். நீலமாக இருந்த பாதத்தின் மேல்புறம் தோல் கசங்கி, சின்ன விரல் பக்கம் ஒரு கொப்புளம் கட்டியிருந்தது.

டாக்டரம்மா வந்தார். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு சுத்துனது?"

"நான் வலது கால்லதான் டாக்டர் சுத்துனேன்" என்றார் சிஸ்டர்.

"அப்ப இது தானா நடந்து இந்தப் பக்கம் வந்துச்சா?"

தன்மேலேயே சிஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது போல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். குழாய்க்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அந்த அம்மா தலையில் எல்லாம் விழுந்து முடிந்துவிடும். அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே வந்தது.

"எவ்வளவு நேரமா இருக்கு இது? எவ்வளவு சூடு?" என்று டாக்டரம்மா மறுபடி கேட்டார். "அது தெரிஞ்சாத்தான் நான் மேல எதாவது பண்ண முடியும்."

அது அந்த அறையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

"நான்தாங்க" என்றார். மறுபடி சத்தமாகச் சொன்னார். "நான்தாங்க மாத்தினேன். சிஸ்டர் அந்தப் பக்கம் போனதுமே மாத்திட்டேன். பிளாஸ்க் தண்ணி. கால் மாறிப் போச்சுன்னு நெனச்சு..."

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. முதலில் செய்ய வேண்டியதைச் செய்தார். கொப்புளத்தை மூடினார், மருந்தைக் கூட்டச் சொன்னார். பிறகுதான் இவர் பக்கம் திரும்பினார்.

"நல்ல காலைச் சூடு பண்ணா உடம்பு ஏமாந்து ரெண்டு கால் பக்கமும் ரத்தக்குழாயைத் திறந்து விடும். அதுக்குத்தான் அந்தப் பக்கம் ஒத்தடம். இந்தக் கால்ல ரத்தமே இல்ல. இதைச் சூடு பண்ணா இந்தச் சதை இன்னும் ரத்தம் கேக்கும். எங்கிருந்து வரும்? சுட்டாலும் அந்தச் சூட்டை எடுத்துட்டுப் போக ஓட்டம் கிடையாது. வெந்துதான் போகும். இரும்புக் குழாயா இருந்தா நீங்க பண்ணது சரி. இதுக்கு உயிர் இருக்கு."

"இதனால விரல் போயிடுமாங்க?"

"தெரியாது. முன்னாடியே போறதா இருந்திருக்கலாம். எது அடைப்பால, எது உங்களாலன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

போகும் என்று சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பார். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாக்டரம்மா கதவு வரை போனார். "இனிமே யார்கிட்டயும் குழாய்னு சொல்ல மாட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியேறினார்.

மனைவி அதே ஆஸ்பத்திரியில் மாடி வார்டில் இருந்தாள். வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்ததால் இன்னும் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. குழந்தை முன்கூட்டிப் பிறந்ததற்குத் தான்தான் காரணம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். படி ஏறியதால், குடம் தூக்கியதால், சரியாகத் தூங்காததால் என்று தினமும் ஒரு காரணம் கண்டுபிடிப்பாள். அக்காவும் தன் பங்குக்கு, "அப்பவே சொன்னேன், அலையாதேன்னு" என்று உப்பைத் தடவிவிட்டுப் போவார். அதைக் கேட்டுக்கொண்டு குழாய்க்காரர் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. அது இப்போது அவருக்கே சுருக்கென்று குத்தியது.

அவள் டம்ளரில் டீயை வைத்துக்கொண்டு, முந்தானையால் சுற்றிப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வளைத்திருந்தால் பாதியிலேயே வாய் அடைத்துப் போயிருக்கும்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கையை நீட்டுங்க" என்றாள்.

நீட்டினார். காய்ப்பு ஏறி, ஓரங்களில் வெடித்து, எத்தனையோ வருடமாகச் சுடுகுழாயைத் தொட்டுத் தொட்டுத் தடித்துப்போன உள்ளங்கை. அவள் முந்தானையால் டம்ளரை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"சுடுதா?"

"இல்ல. இதமாத்தான்..." என்று சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இந்தக் கையாலதான் சூடு பாத்தீங்களா?" என்றாள். டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மாத்திரை எங்கே, தண்ணீர் வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் அவள் வேறு எதுவும் பேசவில்லை.

அடுத்த நாள் காலையில் குழாய்க்காரர் அறைக்குள் போகத் துணியவில்லை. வாசலில், தான் சரி செய்த குழாய் அருகிலேயே நின்றார். பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"கை கழுவிட்டு வாங்க."

"நான் உள்ள வேண்டாம் சிஸ்டர்."

"முழங்கை வரைக்கும் கழுவுங்க."

கழுவிவிட்டுப் போனார். சிஸ்டர் துணியை நனைத்துப் பிழிந்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, அவர் கையில் கொடுத்தார். "வலது கால்ல வைங்க. ஆற ஆறச் சொல்லுங்க, நான் மாத்தித் தரேன். சூடு நான்தான் பாப்பேன். உங்க கை அந்தப் பக்கம் போச்சு, அவ்வளவுதான்."

"என்னைத் திட்டுவீங்கன்னு நெனச்சேன்."

"ஒத்தடம் வைக்கவே ஆள் பத்தல. திட்டறதுக்கு ஆளுக்கு எங்க போறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அது எவ்வளவு கடினம் என்பது அவர் கைகளைப் போல் கைகள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். நல்ல காலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு சாண் தள்ளிக் கெட்ட கால் திறந்து கிடக்கும், நீலம் கறுப்பாக மாறிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இதைப் பிடித்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லாத இடத்தில் வேலை செய்துகொண்டு, கோளாறு இருக்கும் இடத்தைச் சும்மா விடுவது அவர் வாழ்க்கையில் செய்யாத காரியம். விரல்கள் துடித்தன. வலது காலையே பார்க்கப் பழகிக்கொண்டார். அது அவ்வப்போது அவர் கட்டைவிரலை உதைத்தது. ஒவ்வொரு உதையும் அவருக்கு இன்னொரு காலை ஞாபகப்படுத்தியது.

மனைவி தினமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வருவாள். பெட்டியின் மறுபக்கம் உட்காருவாள். குழந்தையைப் பார்க்கும் நேரத்தைவிட அவர் கைகளைப் பார்க்கும் நேரம்தான் அதிகம். காவல் காக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். காக்கட்டும் என்றிருந்தார்.

டாக்டரம்மா பேனா போன்ற ஒரு கருவியைக் கொண்டுவந்து கணுக்காலில் வைத்துப் பார்ப்பார். ரத்தம் ஓடினால் அதிலிருந்து சத்தம் வரும். வலது காலில் வைத்தால் உஸ் உஸ்ஸென்று குதித்தது. இடது காலில் வைத்தால் வெறும் கரகரப்பு. "வெட்டறதுக்கு அவசரப்படக் கூடாது. எது பொழைக்கும் எது பொழைக்காதுன்னு உடம்பே ஒரு கோடு போடும். அது போடற வரைக்கும் காத்திருக்கணும்" என்றார். அறுவை மருத்துவர் இன்னொரு தடவை வந்து எட்டிப் பார்த்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே குழாய்க்காரருக்கு வியர்த்தது.

பிறகு ஒரு காலையில் டாக்டரம்மா கருவியை இடது கணுக்காலில் வைத்தார். கரகரப்பு. நகர்த்தினார். கரகரப்பு. இன்னும் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்தார். கரகரப்புக்கு அடியில், தூரத்தில், ஒரு உஸ். இன்னொரு உஸ். சுவருக்குள் தண்ணீர் ஏற ஆரம்பிக்கும்போது கேட்பது போன்ற சன்னமான சத்தம். குழாய்க்காரர் வலது காலை விடாமல் பிடித்துக்கொண்டு, பெட்டிக் கண்ணாடியில் நெற்றியை முட்டி அழுதார். "துணி ஆறிடுச்சு, குடுங்க" என்று சிஸ்டர் வாங்கிக்கொண்டார்.

கறுப்பு கணுக்காலைத் தாண்டவில்லை. நாளாக ஆகக் கீழே இறங்கியது. பாதத்தின் நடுப்பகுதி முதலில் கருஞ்சிவப்பாகி, பிறகு உரிந்து, அடியில் புதுத் தோல் தெரிந்தது. அறுவை மருத்துவர் வருவதை நிறுத்தினார். கடைசியில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மட்டும் கறுத்து, காய்ந்து நின்றன. அவற்றின் அடியில் மெல்லிசாக ஒரு கோடு விழுந்திருந்தது. கொப்புளம் கட்டியதும் அதே பக்கம்தான். தானாகவே விழுந்துவிடும், கத்தி வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அக்கா வந்து பார்த்துவிட்டு, "யார் கண்ணு பட்டுச்சோ" என்று ஆரம்பித்தார். மனைவி பக்கம் அவர் திரும்புவதற்குள் குழாய்க்காரர், "யார் கண்ணும் இல்லக்கா. அவ மேலயும் தப்பில்ல. என் கை பட்டுச்சு" என்றார். மனைவி நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

குழந்தை பெட்டியை விட்டு வெளியே வந்து, பால் குடித்து, கன்னம் வைத்து, வீட்டுக்குப் போகும் பேச்சு எழுந்த நாட்களில்தான் அது நடந்தது. மனைவியின் மடியில் குழந்தை படுத்திருந்தது. பெரிய சிஸ்டர் கட்டுத்துணியை மெல்லப் பிரித்தார். துணியோடு சுண்டுவிரல் வந்துவிட்டது. ரத்தம் இல்லை. குழந்தை அழவும் இல்லை, கொட்டாவி விட்டது.

சிஸ்டர் தட்டை எடுக்கத் திரும்பியபோது துணி குழாய்க்காரர் கையில் இருந்தது. உள்ளே இருந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. அந்தத் தடித்த தோலுக்குக் கையில் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை. கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. அதனால் பார்த்துக்கொண்டே நின்றார்.

சிஸ்டர் தட்டை நீட்டினார். அவர் போடவில்லை.

"அண்ணா, இதுல போடுங்க."

"இது அதுவாப் போனதா, நான் போக்கினதா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. சிஸ்டர் தட்டைப் பிடித்தபடி நின்றார்.

"அதை அவங்ககிட்ட குடுத்துடுங்க" என்றாள் மனைவி.

அவர் அசையவில்லை.

"குடுங்கன்னு சொல்றேன்ல? மீதிக் கால் இங்க இருக்கு. இதைப் பிடிங்க."

தட்டில் போட்டார். சத்தமே வரவில்லை. மனைவி குழந்தையின் இடது பாதத்தைத் துணியிலிருந்து எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். அந்த மதியத்துக்குப் பிறகு அந்தப் பாதத்தின் பக்கம் அவர் கை போனதே இல்லை. இப்போதும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என் கைக்குச் சூடு தெரியாதும்மா. குளிர்ந்திருந்தாலும் எனக்குத் தெரியாது."

"கன்னத்துல வச்சுப் பாருங்க" என்றாள்.

அவர் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கன்னத்தை மட்டும் நீட்டினார். பாதம் பட்டது. ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் புதுத் தோலின் சுருக்கம். அடுத்த விரல் இன்னும் காய்ந்து நின்றுகொண்டிருந்தது, அது உரசியது.

"எப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"சூடா இருக்கு" என்றார். குழந்தைக்கு அவருடைய தாடி குத்தியிருக்க வேண்டும். காலை இழுத்து, இருந்த விரல்களை மடக்கி, அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு உதை விட்டது.